சூரியன் சப்பையாகத் தெரிந்த மாசி மாதம்

இடது கண்ணில் கட்டுப் பிரித்த அன்று நான் முதலில் பார்த்தது அந்த நர்ஸின் காதில் இருந்த நீலக்கல் கம்மலை. அப்படியொரு நீலத்தைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்றோ. என்ன தெரிகிறது பாட்டி என்று அந்தப் பெண் கேட்டது. கம்மல் தெரிகிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு, எல்லாம் தெரிகிறது என்று மட்டும் சொன்னேன்.

சுவரில் எழுத்துகள் தொங்கின. மேலேயிருந்து படிக்கச் சொன்னது. நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனவள், எழுத்து நன்றாகவே தெரியும். கடைசி வரியில் பொடியாக இருந்த 'ப'கூடத் தெரிந்தது. ஆனால் பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கும்போது சத்தம் போட்டு வாசிக்க எனக்கு வரவில்லை. உதட்டுக்குள்ளேயே படித்தேன். மூன்று வரிக்கு மேல் தெரியவில்லை என்று அந்தப் பெண் எழுதிக்கொண்டது. எனக்குப் பின்னால் நின்ற மதினி என் கையைக் கிள்ளினார்.

"சத்தமாச் சொல்லுங்க மதினி. அந்தப் புள்ள உங்களைக் குருடின்னு எழுதிரும்."

மதினி என்று நான் சொல்வது என் சம்பந்தியை, மருமகளின் அம்மாவை. பேரையூரில் இருக்கிறார். நாங்கள் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். இரண்டு பேருக்கும் கண்புரை. ஒரே வேனில் போய், ஒரே நாளில், இரண்டு பேரும் இடது கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டோம். ஒரு மாதம் கழித்து வலது கண்ணுக்கு வரச் சொல்லி இரண்டு பேருக்கும் ஒரே தேதி கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாட்களில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தனக் கலர் என்று நினைத்து ஆறு வருஷமாக நான் கட்டிக்கொண்டிருந்த சேலை, வெள்ளையில் ஊதாப் பூப்போட்டதாம். சமையல்கட்டுச் சுவரில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. புதுக் கண்ணை மூடினால் பழைய மஞ்சள் வீடு, பழைய கண்ணை மூடினால் புது வீடு. வேலை இல்லாதபோதெல்லாம் அடுப்படியில் நின்று மாற்றி மாற்றிக் கண்ணடித்துக்கொண்டிருந்தேன். மருமகள் பார்த்துவிட்டு, கண் உறுத்துகிறதா என்று கேட்டாள். இல்லை, சும்மாதான் என்றேன். அவள் நம்பவில்லை.

மருமகள் மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. குனியக் கூடாது. தலைக்குக் குளிக்கக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. கண்ணைக் கசக்கக் கூடாது, அழக் கூடாது. தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தாள் என் முகத்துக்கு நேராக வந்து நிற்கும். பேரையூருக்கும் ஒரு நகல் போயிற்று.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. பரீட்சை வேலை என்று மருமகள் விடியும்போதே கிளம்பிவிட்டாள். மகன் லேத் பட்டறைக்குப் போய்விட்டான். வாசல் வெறிச்சென்று கிடந்தது. கோலம் போட வேண்டும் என்பதுகூட இல்லை, அந்த வெள்ளைப் பொடி விரலிடுக்கிலிருந்து விழுவதைப் புதுக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரே ஆசை. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, குனிந்து ஒன்பது புள்ளி வைத்துப் போட்டேன். ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. மருமகள் திரும்பி வந்து, எதிர்வீட்டு அக்கா போட்டாங்களா, நல்லாயிருக்கு என்றாள். நான் மறுத்துச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே எனக்குத் தண்டனை வந்தது.

எங்கள் வீடு அவனியாபுரத்தில் ஓரமாக இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் மேற்கே பிளாட் கல் நட்டு விற்காமல் கிடக்கிற வெற்று நிலம், அதைத் தாண்டிக் கண்மாய்க் கரை, அதற்குமேல் வானம்தான். காய்ந்த துணி எடுக்கப் போயிருந்தேன். புழுதிக் காற்று அடித்து ஓய்ந்திருந்தது. சூரியன் கண் கூசாமல், குங்குமத்தில் செய்த தட்டு மாதிரி நின்றது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். அது இரண்டாவது தப்பு.

கரைக்கு நாலு விரல் உயரத்தில் இருக்கும்போது உருண்டையாகத்தான் இருந்தது. இறங்க இறங்க அதன் அடிப்பக்கம் அமுங்கியது, மேலே யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. இட்லியாக இருந்தது அதிரசமானது. ஓரமெல்லாம் படி படியாக மடிந்தது. அப்புறம் தரையிலிருந்து இன்னொரு சிவப்பு எழும்பி வந்து அதன் அடியில் ஒட்டிக்கொண்டது. நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, பிரிமணையில் வைத்த பானைபோல ஒரு விநாடி நின்றது. அதற்குப் பிறகு உச்சியில் ஒரு துண்டு மட்டும் தனியாகத் தெரிந்து கரைந்துபோனது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. குனிந்ததில், கண்ணுக்குள் வைத்த லென்ஸ் நழுவிவிட்டது.

இத்தனை வயசு வரைக்கும் சூரியன் மறைவதை நீ பார்த்ததே இல்லையா என்று கேட்பீர்கள். நான் பிறந்து வாழ்க்கைப்பட்டு வேலை பார்த்ததெல்லாம் எழுமலையில். அங்கே மேற்கே மலை. சூரியன் நன்றாக எரிந்துகொண்டு, உருண்டையாகவே மலைக்குப் பின்னால் போய்விடும், நேராகப் பார்க்க முடியாது. காலையில் அது வருகிற நேரம் நாங்கள் அடுத்தவர் காட்டில் குனிந்து களை பறித்துக்கொண்டிருப்போம். முதுகுக்குத்தான் அதை நன்றாகத் தெரியும். மகன் வேலைக்கென்று இங்கே குடிவந்த பிறகு கண்ணில் புரை விழுந்துவிட்டது.

மறுநாள் முழுக்க வீட்டில் உள்ள உருண்டையை எல்லாம் சோதித்தேன். தோசை உருண்டை. சுவர்க் கடிகாரம் உருண்டை. தெருவில் நின்ற ஷேர் ஆட்டோவின் டயர் உருண்டை. சாயங்காலம் மாடிக்குப் போனால் சூரியன் மட்டும் சப்பை. அதுவும் முந்தைய நாள் மாதிரி இல்லை, படுக்கவைத்த முட்டை மாதிரி. அதற்கடுத்த நாள் தொப்பி. அடுத்த நாள் மூலை மழுங்கிய பெட்டி. லென்ஸ் ஒரு இடத்தில் நிற்காமல் கண்ணுக்குள் உருண்டுகொண்டே இருக்கிறது என்று முடிவு செய்தேன். தலையை அசைக்காமல் நடக்க ஆரம்பித்தேன். கழுத்து சுளுக்கிவிட்டதா என்று மகன் கேட்டான்.

யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் கோலம் வெளியே வரும், கண்ணாடியைக் கழற்றியது வெளியே வரும். ஒரு கண்ணைக் கெடுத்தவள் இன்னொரு கண்ணையும் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, வலது கண்ணுக்கு நான் போகப்போவதில்லை என்று மருமகளிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எத்தனை தடவை கேட்டாலும் அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் தன் அம்மாவுக்கு ஃபோன் போட்டு, அத்தைக்கு நீயாவது தைரியம் சொல்லு என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. மதினி தைரியம் சொல்லவில்லை. "மதினியே வரலைன்னா எனக்கு மட்டும் என்ன அவசரம். நானும் வரலை. வச்சிர்றேன்" என்று வைத்துவிட்டார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

மருமகள் ஃபோனைக் கையில் பிடித்தபடியே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை.

"உங்களுக்கு வேண்டாம்னா விடுங்க அத்தை, நாள் கிடக்கு. ஆனா எங்கம்மாவோட வலது கண்ணு முத்திப்போச்சு. இப்ப விட்டா உள்ள அழுத்தம் ஏறி, பார்வையே போயிரும்னு டாக்டர் என்கிட்டச் சொல்லியிருக்காரு. நீங்க வந்தாத்தான் அது வரும்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கண் போனது என் கோலத்தால், அது எனக்கும் கோலப்பொடி டப்பாவுக்கும் நடுவில் உள்ள விஷயம். மதினியின் கண் என்ன செய்தது. உண்மையைச் சொல்லி அவரைத் தனியாக அனுப்புவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஃபோனில் சொன்னால் பக்கத்தில் யாராவது கேட்பார்கள். அவரை இங்கே வரவழைக்கச் சொன்னேன். மருமகள் என்ன சொல்லிக் கூப்பிட்டாளோ தெரியாது, தேதிக்கு முந்தின நாள் ஒரு பை நிறைய சீனி அவரைக்காயோடு மதினி பஸ்ஸில் வந்து இறங்கினார். அவரும் கறுப்புக் கண்ணாடி, நானும் கறுப்புக் கண்ணாடி. வாசலில் இரண்டு பேரும் மோதிக்கொள்ளப் பார்த்தோம்.

வத்தல் எடுக்க வேண்டும் என்று சொல்லி மதினியை மாடிக்குக் கூட்டிப்போனேன். சூரியன் கரைக்கு மேலே சிவந்து நின்றது. அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டேன். அவரும் எனக்கு முன்பே திரும்பி நின்றார். வத்தலைத் தட்டிலிருந்து எடுத்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தட்டைப் பார்த்தே சொன்னேன்.

"நாளைக்கு நீங்க மட்டும் போய்ப் பண்ணிக்கிட்டு வந்துருங்க மதினி. எனக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சு. குனிஞ்சு கோலம் போட்டேன். லென்சு நழுவிருச்சு."

மதினி மாடிப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். மகள் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, என் காதுக்குப் பக்கத்தில் வந்தார்.

"நான் தலைக்கு ஊத்திக்கிட்டேன்."

"எப்ப?"

"அஞ்சாம் நாளே. அரிச்சுச்சு மதினி, எம்புட்டுத்தான் பொறுக்கிறது. வெந்நி போட்டு, சீயக்கா தேச்சு, அம்புட்டும் ஊத்திக்கிட்டேன். தண்ணி உள்ள போயி லென்சு ஊறிப்போச்சு."

ஊறியது எப்படித் தெரியும் என்று கேட்டேன். மறுநாள் காலையில் கரிசல்காட்டுப் பக்கம் சூரியன் வந்ததாம். ஒரு காலமும் இல்லாத மாதிரி, தண்ணீரில் போட்ட அப்பளமாக நெளிந்து, அடி சப்பி, ஓரம் பிய்ந்து வந்ததாம். அன்றிலிருந்து அவரும் யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் வரமாட்டேன் என்று சொன்னதாகக் கேட்டதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்ததாம்.

வத்தல் தட்டைக் கீழே வைத்தேன். குனிந்துதான் வைத்தேன்.

"இதுக்கு முந்தி சூரியன் எப்படி இருந்துச்சு மதினி? நீங்க தெனம் காலையில கும்பிடுறவுகதான?"

மதினி யோசித்தார். முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று.

"கண்ணை மூடிக்கிட்டுல்ல கும்பிடுவேன்."

யார் முதலில் சிரித்தோம் என்று தெரியவில்லை. நான் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன், மதினி என்னைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வருஷமாகத் தினமும் கும்பிட்ட சாமியின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஐம்பது வருஷமாக முதுகில் சுமந்த எனக்கும் தெரியாது. மதினிக்குத்தான் முதலில் புத்தி வேலை செய்தது. உங்களுடையது நழுவியது, என்னுடையது ஊறியது, இரண்டும் எப்படி ஒரே மாதிரி தெரியும் என்று கேட்டார். இரண்டு பேரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பினோம். என்ன தெரிகிறது என்று ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தம். அடி சப்பை என்றோம் இரண்டு பேரும். இடது ஓரத்தில் ஒரு பல் என்றேன் நான். மேலே ஒரு கோடு குறுக்கே ஓடுகிறது என்றார் அவர். எனக்கும் ஓடியது. அப்புறம் ஆபரேஷன் செய்த கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பழைய கண்ணால் பார்த்தோம். எனக்கு மஞ்சளாக, மங்கலாக, கரைத்துவிட்ட மாதிரி தெரிந்தது. ஆனால் சப்பைதான். அவருக்கு அந்தக் கண்ணில் ஒரு சிவப்புக் கறைதான் தெரிந்ததாம். அந்தக் கறையும் நிற்கவில்லை, படுத்திருக்கிறது என்றார். மறுபடி சிரிப்பு.

அந்த நேரம் பார்த்து மருமகள் மேலே வந்தாள். அவள் பார்த்தது இதைத்தான்: அவளுடைய அம்மாவும் மாமியாரும் கறுப்புக் கண்ணாடி இல்லாமல், ஆளுக்கொரு கண்ணைப் பொத்திக்கொண்டு, சூரியனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் கேட்டுவிட்டேன். அவளிடம் நானாக ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"ஏத்தா, நல்ல கண்ணு வச்சிருக்கிறவ நீதான். பாத்துச் சொல்லு, அது என்ன உருவத்துல இருக்கு?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சப்பையா இருக்கு. மறையிறப்ப எப்பவுமே அப்படித்தான அத்தை இருக்கும்."

மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இருபது நாளாக இரண்டு ஊரில் இரண்டு கிழவிகள் பயந்து செத்ததற்கு அவள் அவ்வளவு சாதாரணமாகப் பதில் சொன்னாள்.

கோலம், தலைமுழுக்கு எல்லாம் அங்கேயே வெளியே வந்தது. படிக்கட்டு முழுக்கத் திட்டு வாங்கிக்கொண்டே இறங்கினோம். தாளில் அழக் கூடாது என்றுதான் போட்டிருக்கிறது, சிரிக்கக் கூடாது என்று எங்கே போட்டிருக்கிறது என்று மதினி கேட்டதற்கும் தனியாகத் திட்டு விழுந்தது. ஆனால் திட்டி முடித்ததும் அவளுக்கும் உதடு துடித்தது. எங்களை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். வளையலில் தொங்கிய சேஃப்டி பின்னைக் கழற்றி ஒரு சட்டியின் அடியில் போட்டாள். அந்தப் பின் கண்ணுக்குத் தெரியாத தூரம் வரைக்கும் எங்களைப் பின்னால் தள்ளி நிறுத்தினாள். சட்டியின் விளிம்பு மறைத்தது. அசையாமல் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். தண்ணீர் ஏற ஏற, விளிம்புக்கு மேலே பின் எழும்பி வந்து பளபளவென்று நின்றது.

மிதக்கிறது என்றார் மதினி. போய்த் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். பின் அடியில்தான் கிடந்தது. தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வரும்போது வெளிச்சம் வளைந்து வருகிறது, அதனால் கீழே கிடப்பது மேலே தூக்கித் தெரிகிறது என்றாள். காற்றும் அப்படித்தானாம். பூமிக்குப் பக்கத்தில் காற்று அடர்த்தி, மேலே போகப் போக லேசு. அதற்குள் நுழைந்து வருகிற வெளிச்சம் வளைகிறது. கரைக்குப் பக்கத்தில் உள்ள அடிப்பக்கத்தை ரொம்பத் தூக்கிக் காட்டும், உச்சியை அவ்வளவு தூக்காது. அடி மட்டும் மேலே ஏறினால் உருண்டை சப்பையாகத்தானே ஆகும். தரைச் சூடும் புழுதியும் தினம் மாறுவதால் தொப்பியும் பெட்டியும் தினம் மாறி வருகிறது. சூரியன் உருண்டையாகத்தான் இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த சேஃப்டி பின் சட்டி விளிம்புக்குக் கீழேதானே இருந்தது. அப்படியானால் சூரியன் கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதே, அப்போது உண்மையில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வகுப்பில் யாரும் இதைக் கேட்டதில்லை என்றாள்.

"முழுசா உள்ள போயிருச்சு அத்தை. போனதுக்கு அப்புறமும் ரெண்டு மூணு நிமிசம் நமக்குத் தெரியும். காலையிலயும் அப்படித்தான், வாரதுக்கு முந்தியே தெரிஞ்சிரும்."

"அப்ப நான் கும்பிடுறப்ப அவரு வரவே இல்லையா?" என்றார் மதினி.

"வந்துக்கிட்டு இருப்பாரும்மா."

"சரி. கண்ணை மூடுனதே நல்லதாப் போச்சு."

எனக்குத் தலை லேசாகச் சுற்றியது, நல்ல விதமாக. இல்லாத சூரியனையா இத்தனை நாள் பார்த்துப் பயந்தேன். ராட்டினத்தில் மேலே போய் இறங்கும்போது வயிற்றுக்குள் ஒன்று கூசுமே, அந்த மாதிரி இருந்தது. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருமகள் இன்னொரு தடவை தண்ணீரைக் கொட்டிவிட்டு ஊற்றிக் காட்டினாள். மதினி மூன்றாவது தடவையும் கேட்டார்.

காலையில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலில் இடது கண்ணைப் பார்த்தார்கள். லென்ஸ் வைத்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மதினியிடமும் அதையே சொன்னார். மதினியின் வலது கண்ணைத்தான் விளக்கு வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும், சரியான நேரத்துக்கு வந்தீர்கள் என்றார். மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதையும் அதற்கு முன்னால் நான் பிடித்ததில்லை.

மதினியை முதலில் கூப்பிட்டார்கள். பச்சைக் கவுனும் தலையில் தொப்பியுமாக உள்ளே போனார். வாசலில் உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் எந்தச் சாமியையும் விடவில்லை. அரை மணி இருக்கும். கண்ணில் வெள்ளைக் கட்டோடு நர்ஸைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்து நான். கதவுக்கிட்டே எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே இடம், அவர் வெளியே வர, நான் உள்ளே போக. மதினி என் காதில் குனிந்தார். குனியாதீங்க என்று நர்ஸ் அதட்டியது.

"உள்ள தலைக்கு மேல உருண்டையா ஒரு லைட்டு வச்சிருக்காக மதினி. சப்பையா இருக்கான்னு பாத்து வச்சுக்கோங்க."

கட்டிலில் படுக்கவைத்தார்கள். கண்ணைத் தவிர முகத்தையெல்லாம் பச்சைத் துணியால் மூடினார்கள். மரத்துப்போக ஏற்கெனவே மருந்து விட்டிருந்தார்கள். விளக்கைப் போட்டார்கள். நான் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. துணி என் முகத்தின்மேல் ஏறி இறங்கியது. ஆட்டாதீங்க பாட்டி என்று ஒரு குரல், வலிக்கிறதா என்று இன்னொரு குரல். என்னம்மா, பயமா இருக்கா என்று டாக்டர் கேட்டார். அந்த அறையில் எத்தனை பேர் நின்றார்களோ தெரியாது. எனக்குக் கூச்சமே வரவில்லை.

"உருண்டையாத்தான் இருக்குங்க டாக்டர்" என்று சத்தமாகச் சொன்னேன்.

"எது?" என்றார் அவர்.

அதற்கு நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன், முடியவில்லை. நான் சிரித்து முடிக்கட்டும் என்று டாக்டர் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.